இசிஜி தாளில் ‘இயல்புக்கு மாறானது’ என்று வந்திருக்கிறது: நெடுந்தூர ஓட்டத்தைத் தொடரலாமா?

நெடுவழி எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 27. எட்டு ஆண்டுகளாக நெடுந்தூர ஓட்டப் பயிற்சி செய்கிறேன். வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிறேன். ஒரு போட்டிக்கான மருத்துவச் சான்றிதழுக்காக எடுத்த இசிஜியில், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 41, பிஆர் இடைவெளி (மின்தூண்டல் மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் நேரம்) 230 மில்லி விநாடி, இடது கீழறை தடித்திருக்கலாம் என்ற குறிப்புகள் அச்சாகி, அடியில் ‘இயல்புக்கு மாறான இசிஜி’ என்று முடிந்திருந்தது. பிறகு எடுத்த எக்கோவில் (ஒலியலையால் எடுக்கும் இதயப் படம்) இடது கீழறைச் சுவரின் தடிமன் 12 மில்லிமீட்டர், விரிந்த நிலையில் அறையின் விட்டம் 58 மில்லிமீட்டர், இஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் (ஒவ்வொரு துடிப்பிலும் அறையிலுள்ள குருதியில் வெளியேறும் பங்கு) 53 சதவீதம். மயக்கமோ நெஞ்சுவலியோ ஒருநாளும் வந்ததில்லை. சான்றிதழ் தர வேண்டிய மருத்துவர் ஓட்டத்தை நிறுத்தி வைக்கச் சொல்கிறார். உடன் ஓடுபவர்களோ ஓடுகிறவர்களுக்கெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

இதயவியலாளன் எழுதியது:

இதயநோய் மருத்துவராகச் சொல்கிறேன். தாளை நேரில் பார்க்காததால் இது தீர்ப்பு அன்று. இசிஜி கருவி தன்னிடம் உள்ள பொது அளவுகோலை வைத்தே அந்த வரியை அச்சிடுகிறது. படுத்திருப்பவர் அந்த வாரம் நூறு கிலோமீட்டர் ஓடியவரா, நாற்காலியை விட்டு எழாதவரா என்பது அதற்குத் தெரியாது. விளையாட்டு வீரர்களின் இதயம் பெரிதாவதை, 1899ஆம் ஆண்டிலேயே ஸ்வீடன் மருத்துவர் ஹென்ஷென், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே கண்டறிந்தார்.

ஓய்வில் உடலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதி வேண்டும். பயிற்சி இல்லாதவரின் இதயம் அதை 70 துடிப்பில், துடிப்புக்கு 70 மில்லிலிட்டராகத் தருகிறது. உங்களுடையது 41 துடிப்பில், துடிப்புக்கு 120 மில்லிலிட்டராகத் தருகிறது. ஆகவே மெதுவான துடிப்பும் 58 மில்லிமீட்டர் அறையும் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் அல்ல, ஒரே மாற்றத்தின் இரு முகங்கள். அறை பெரிதாக இருக்கும்போது அதில் பாதியை வெளியேற்றினாலே ஓய்வு நிலைக்குப் போதும் என்பதால், 53 சதவீதம் என்பதும் நெடுந்தூர ஓட்டக்காரரிடம் அடிக்கடி காணப்படுவதே. 2017இல் வெளிவந்த பன்னாட்டு அளவுகோலின்படி, பயிற்சி பெற்றவரிடம் 30 வரை குறையும் துடிப்பும், 400 மில்லி விநாடிக்குள் அடங்கும் பிஆர் இடைவெளியும், அலைகளின் உயரம் மட்டுமே காட்டும் ‘தடிப்பும்’ இயல்பானவை.

சுவரின் தடிமனில்தான் எச்சரிக்கை தேவை. 1991இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், 947 உயர்நிலை வீரர்களுள் 13 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தவர்கள் 16 பேர் மட்டுமே. ஒரு மிதிவண்டி வீரரைத் தவிர மற்ற அனைவரும் படகு வலிப்பவர்கள். எல்லோருக்கும் அறையும் விரிந்தே இருந்தது. உங்கள் 12 அந்த எல்லைக்கு உள்ளே இருக்கிறது. ஆனால் மார்பின் இடப்பக்கம் ஒட்டப்படும் வி5, வி6 இணைப்புகளில் டி அலை (ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் வரும் அலை) தலைகீழாக இருந்தாலோ, எஸ்டி பகுதி (டி அலைக்குச் சற்று முன்னுள்ள கோடு) தாழ்ந்திருந்தாலோ, இடது கிளை அடைப்பு (இடது கீழறைக்கு மின்தூண்டல் போகும் பாதையில் தடை) இருந்தாலோ, அவற்றைப் பயிற்சியின் கணக்கில் எழுதக் கூடாது.

பழைய துடுப்பு எழுதியது:

உடன் ஓடுபவர்களின் சமாதானத்தை நம்பி நான் இரண்டு ஆண்டுகளை இழந்தேன். எனக்கு வி5, வி6 இரண்டிலும் டி அலை தலைகீழாகவே இருந்தது. சுவர் 14 மில்லிமீட்டர், அறை 46 மில்லிமீட்டர். ‘படகு வலிக்கிறவர்தானே’ என்று முதலில் பார்த்தவர் விட்டுவிட்டார். வேறொரு மருத்துவர், சுவர் தடித்திருக்க அறை மட்டும் ஏன் விரியவில்லை என்று கேட்டு, மூன்று மாதம் பயிற்சியை முழுமையாக நிறுத்தச் செய்து மீண்டும் அளந்தார். பயிற்சியால் வந்த தடிப்பாக இருந்தால் குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. தழும்பைக் காட்டும் காடோலினியம் என்ற மருந்தைச் செலுத்தி எடுத்த எம்ஆர்ஐயில் தசைக்குள் தழும்பு தெரிந்தது. ஹைபர்டிரோபிக் கார்டியோமயோபதி (இதயத் தசை இயல்பை மீறித் தடிக்கும் நோய்) என்று உறுதியானது. உங்கள் எண்கள் என்னுடையவை போல் இல்லை. ஆனாலும் தாளில் அந்த இரண்டு இணைப்புகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அலைவரி எழுதியது:

இசிஜி எடுப்பவன் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. துடிப்பு 50க்குக் கீழே இருக்கும்போது, பேஸட் சூத்திரத்தின்படி கருவி கணக்கிடும் க்யூடிசி (கீழறையின் மின்செயல் நீடிக்கும் நேரம், துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்தியது) உள்ளதைவிடக் குறைவாகவே வரும். சற்று நடந்து, துடிப்பு 60ஐ நெருங்கியதும் மறுமுறை எடுக்கச் சொல்லுங்கள். பிஆர் இடைவெளியும் அப்போது சுருங்கினால் அது நல்ல அறிகுறி.

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வி5, வி6இல் டி அலை தலைகீழாக இல்லை, மேல்நோக்கியே இருக்கிறது. மறுபடி எடுத்ததில் துடிப்பு 62, பிஆர் 180. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: என் சித்தப்பா 36 வயதில் உறக்கத்திலேயே இறந்தார். மாரடைப்பு என்றே வீட்டில் சொல்வார்கள், உடற்கூறாய்வு நடக்கவில்லை. அவர் விளையாட்டு வீரரும் அல்லர் என்பதால் இதோடு தொடர்புபடுத்தத் தோன்றவில்லை.

இதயவியலாளன் எழுதியது:

முதல் சந்திப்பிலேயே உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது, நானும் கேட்கவில்லை. மேலே நான் எழுதிய அனைத்தும், குடும்பத்தில் இளவயது திடீர் மரணம் இல்லை என்ற அனுமானத்தில் எழுதியவை. பரம்பரையாக வரும் இதயத் தசை நோய்களும் இதய மின்னோட்டக் கோளாறுகளும் விளையாட்டு வீரரைத் தேடி வருவதில்லை. இயல்பான இசிஜிக்குப் பின்னும் அவை ஒளிந்திருக்கக்கூடும். முதலில் உங்கள் தந்தைக்கு இசிஜியும் எக்கோவும் எடுக்கச் செய்யுங்கள், ஏனெனில் உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் இடையிலான கண்ணி அவரே. உங்களுக்கு டிரெட்மில் பரிசோதனையும், 24 மணி நேர ஹோல்டர் பதிவும் (உடலில் மாட்டிக்கொள்ளும் கருவியில் தொடர்ந்து பதியும் இசிஜி), முடிந்தால் எம்ஆர்ஐயும் தேவை. முடிவுகள் வரும்வரை கடும் பயிற்சியும் போட்டியும் வேண்டாம். உங்கள் மருத்துவர் வேறு காரணத்துக்காகச் சொல்லியிருந்தாலும், நிறுத்தி வைக்கச் சொன்னது இப்போதைக்குச் சரியே. சித்தப்பாவின் மரணத்தைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டு, இரண்டு இசிஜி தாள்களையும் கொடுங்கள்.