முதல் கார்: கேரளா வண்டி வாங்கலாமா?

அண்ணன்மாரே, அக்காமாரே, ஊர் செங்கோட்டை. வயது 19. கையில் ஒன்றரை லட்சம்தான், பாதி அம்மா சீட்டு எடுத்துத் தந்தது. புனலூரில் 2012 மாடல் ஆல்டோ பார்த்தேன். இன்ஜின் அருமை. ஆனால் டிரைவர் பக்கக் காலடி விரிப்பைத் தூக்கினால் தகரம் துருவேறி, விரல் வைத்ததும் செதில் செதிலாக உதிர்ந்தது. அந்தப் பக்கத்து மழை அப்படி. ஆர்.சி.யும் (பதிவுச் சான்று) 2027-இல் முடிகிறது, என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி டிஎன் நம்பர் மாற்ற வேண்டும். தென்காசியில் டிஎன் நம்பரிலேயே 2013 வேகன்ஆர் இருக்கிறது, நாற்பதாயிரம் கூடுதல். கடன் வாங்கவா? தரைத் தகரத்துக்கு வெல்டிங் வைத்தவர்கள் இருந்தால், தாங்குகிறதா, எவ்வளவு ஆனது என்று சொல்லுங்கள். அம்மாவை வைத்துப் புளியரை மலையேற்றத்தில் ஓட்டப் போகிற வண்டி. ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள்.