லாயத்தில் ரத்தப் பரிசோதனை: கைக்கருவி காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

குதிரை ரத்தத்தைச் சோதிக்கும் கைக்கருவி தப்பாகக் காட்டுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை ரத்தம் பிடித்த குழாயிலேயே தொடங்குகின்றன. குதிரை ரத்தம் மிக வேகமாகப் படியும். சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கியதுபோல் ஒட்டிக்கொள்வதால், நிறுத்தி வைத்த சில நிமிடங்களிலேயே அவை கீழே இறங்கி, மஞ்சள் பிளாஸ்மா மேலே தெளிந்து நிற்கும். நாய், மாடு ரத்தத்தில் பழகிய கை இதைத் தவறவிடும். ஒரே குழாயின் மேற்பகுதியில் எடுத்த துளி ரத்தசோகை என்று சொல்லும். அடியில் எடுத்த துளி நீரிழப்பு என்று சொல்லும். ஒவ்வொரு துளிக்கு முன்னும் குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்க வேண்டாம். சிவப்பணு உடைந்தால் பொட்டாசியமும் ஏஎஸ்டி என்ற நொதியும் பொய்யாக ஏறும்.

பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணு அடைத்திருக்கும் சதவீதம், மாறினால் குளுக்கோமீட்டர் காட்டும் சர்க்கரை எண்ணும் கூடவே மாறும். சிவப்பணு மிகுந்தால் சர்க்கரை குறைவாகவும், ரத்தசோகையில் அதிகமாகவும் காட்டும். மனிதர்களுக்கான மீட்டர் மனித ரத்தக் கணக்கில் ஓடுவது இன்னொரு பிழை. பிசிவி 60 தொட்ட வயிற்றுவலிக் குதிரைக்குச் சர்க்கரை குறைவு என்று ஸ்ட்ரிப் சொன்னால், டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஏற்றும் முன் பிளாஸ்மாவைப் பிரித்து ஆய்வகக் கருவியில் ஒருமுறை பாருங்கள்.

* * *

ரத்தம் படிவது பற்றி மேலே டாக்டர் சொன்னதை நானும் அப்படியே வழிமொழிகிறேன். லாக்டேட்டில் (திசுக்களுக்குப் பிராணவாயு போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) நேரமும் சேர்ந்துகொள்கிறது. ஓய்வில் இருக்கும் நலமான குதிரைக்கு லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குக் கீழே இருக்கும். ஆனால் குழாய்க்குள்ளும் சிவப்பணு சர்க்கரையைத் தின்று லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வெயிலில் இன்னும் வேகமாக. எடுத்த உடனே ஸ்ட்ரிப்பில் வைக்க வேண்டும். முடியாவிட்டால், சிவப்பணு சர்க்கரையைத் தின்பதைத் தடுக்கும் ஃப்ளோரைடு ஆக்ஸலேட் உள்ள சாம்பல் மூடிக் குழாய். அந்தக் குழாயிலேயே பிசிவி பார்த்துவிடாதீர்கள்: அது சிவப்பணுவிலிருந்து நீரை இழுத்துச் சுருக்குவதால் பிசிவி குறைவாக வரும்.

குதிரை மிரண்டு திமிறினால் மண்ணீரல் சுருங்கி, அதில் சேர்ந்திருந்த சிவப்பணு ரத்தத்தில் கலந்து பிசிவி உயரும், லாக்டேட்டும் ஏறலாம். எண்ணுக்குப் பக்கத்தில் ‘அமைதி’ அல்லது ‘திமிறியது’ என்று எழுதி வைப்பது அவசியம்.

சில மீட்டர் முழு ரத்தத்தை அளக்கும், சில பிளாஸ்மாவை. காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று என்று அளந்து குதிரை தேறிவிட்டது என்று முடிவெடுப்பது ஆபத்து. ஒரே மீட்டரில் சில மணிநேர இடைவெளியில் எடுத்த எண்கள் இறங்குகின்றனவா என்பதுதான் ஒற்றை எண்ணைவிட நம்பகமான சேதி. வயிற்றுக்குழி நீரின் லாக்டேட் ரத்தத்தைவிடத் தெளிவாக அதிகமென்றால் குடல் நெரிபட்டிருக்கிறதோ என்று சந்தேகியுங்கள்.

* * *

ஐ-ஸ்டாட் மாதிரி, ஒருமுறை பயன்படுத்தும் சிறு பெட்டியில் (கார்ட்ரிட்ஜ்) ரத்தம் விட்டு அளக்கும் கருவிகளில் வெப்பநிலைதான் முதல் தொல்லை. கருவி 16 முதல் 30 டிகிரிக்குள்தான் வேலை செய்யும். கார்ட்ரிட்ஜ் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி. வெளியே எடுத்ததும் உறையோடு ஐந்து நிமிடம் வைத்த பிறகே ரத்தம் விட வேண்டும். காற்றுக்குமிழி இருந்தாலும், குறிக்கு மேலோ கீழோ நிரம்பினாலும் கார்ட்ரிட்ஜ் வீண்.

இதன் ஹெமடோக்ரிட் (பிசிவிக்கு இணையான எண்) ரத்தத்தின் மின்கடத்தலை வைத்துக் கணக்கிடப்படுவது. கழிச்சலில் புரதம் இழந்த குதிரைக்கு அது பொய்யாகக் குறைவாகக் காட்டும். பிசிவி அளக்கும் நுண்குழாய் சென்ட்ரிஃப்யூஜும் புரதம் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் பக்கத்தில் இல்லாமல் அந்த எண்ணை வைத்து ரத்தம் ஏற்ற முடிவு செய்யாதீர்கள்.

பொட்டாசியம் வானத்தில், கால்சியம் பாதாளத்தில், குதிரையோ நிம்மதியாகப் புல் மேய்கிறது என்றால், ஊதா மூடிக் குழாயில் உள்ள ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ கலந்திருக்கிறது. அந்தக் குழாயைக் கடைசியில் நிரப்புங்கள். சிரிஞ்சில் ஹெப்பாரின் (இதுவும் உறைவு தடுப்பு மருந்து) அதிகமானால் அயனிக் கால்சியம் பொய்யாகக் குறையும்.

* * *

குட்டிகளுக்கான ஐஜிஜி கிட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை: தாயின் சீம்பாலிலிருந்து குட்டிக்கு வரும் எதிர்ப்பொருளை அளப்பது இது. பிறந்து 18 முதல் 24 மணிநேரத்தில் பாருங்கள். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் போதும், 400க்குக் கீழ் சீம்பால் சேரவில்லை. நடுவில் விழும் நிறத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் ஆளுக்கு ஆள் வேறுபடும். குட்டி சோர்வாக இருந்தால் கிட்டோடு நிறுத்தாமல் ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள். கிட் அறை வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும், நேரத்தை டைமரில் பிடியுங்கள்.

உடலில் அழற்சி வந்தால் ஏறும் புரதமான எஸ்ஏஏவை அளக்கும் கிட்டில் நலமான குதிரை பெரும்பாலும் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்கும். தொற்றில் ஆயிரம் தாண்டவும் கூடும். அவ்வளவு உயரத்தில் சில ஸ்ட்ரிப்புகளின் கோடு உண்மையைவிடக் குறைவாகக் காட்டி ஏமாற்றும். காய்ச்சலும் வீக்கமும் கண்ணெதிரே இருக்க எண் மட்டும் சுமாராக வந்தால், மாதிரியைக் கூடுதலாக நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள்.