வெப்ப வார்ப்பா, இளக்குருவாக்கமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பிளாஸ்டிக் தகட்டைச் சூடேற்றி, அச்சின்மேல் படியவைத்துப் பொருளாக்கும் தெர்மோஃபார்மிங் முறைக்கு ‘வெப்ப வார்ப்பு’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. வார்ப்பு என்றால் உருகியதை ஊற்றுவது. இங்கே தகடு உருகிவிட்டால் வேலையே கெட்டுவிடும். நாற்புறமும் சட்டத்தில் இறுகப் பிடித்த பாலிஸ்டைரீன் தகடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டி விறைப்பை இழந்து, மேலும் சூடேறி நடுவில் தொய்யத் தொடங்கும்போது, அதை அச்சோடு சேர்த்து, இடையிலுள்ள காற்றை அச்சின் நுண்துளைகள் வழியே வெளியேற்றுகிறார்கள். குளிர்ந்தபின் விளிம்பை வெட்டி நீக்குகிறார்கள். நீலகிரியில் முட்டைக்கோசு, காலிஃபிளவர் நாற்று வளர்க்கும் மெல்லிய குழித்தட்டுகள் இம்முறையில் செய்யப்படுபவை. குழியின் அடிப்பக்கம் மேல்விளிம்பைவிட மெலிந்திருப்பது விரலுக்கே தெரியும். ஒரே தகடு ஆழத்துக்கு நீண்டதன் அடையாளம் அது.

‘வெப்ப உருவாக்கம்’ என்பது வெப்பத்தை உருவாக்குவதாகவே முதலில் பொருள்படும். பாடநூல்களில் ‘இளகும் பிளாஸ்டிக்’ என்ற வழக்கு ஏற்கெனவே இருப்பதால், ‘இளக்குருவாக்கம்’ என்பதே என் பரிந்துரை.

உட்பிரிவுகளில் ‘வெற்றிட இழுப்பு’ என்ற சொல்லைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. வெளிக்காற்றுதான் தகட்டை அச்சுக்குள் தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்தக் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடைக்கு நிகராக அழுத்துகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையிலோ அதில் முக்கால் பங்குதான் கிடைக்கும். ஆகவே மேட்டுப்பாளையத்தில் அச்சின் மூலைமுடுக்குகளில் கூர்மையாகப் படியும் தகடு, அதே எந்திரத்தில், அதே சூட்டில், உதகையில் சற்று மழுங்கிப் படியக்கூடும். எத்தனை சிறந்த பம்பை வைத்து உறிஞ்சினாலும் குறைந்த கால் பங்கை ஈடுகட்ட முடியாது. தகட்டின் மறுபுறத்திலிருந்து அழுத்திய காற்றைச் செலுத்தினால்தான் முடியும். இந்த வேறுபாட்டைச் சொல்லே காட்ட வேண்டுமென்று விரும்புகிறேன். காற்றை அகற்றி மட்டும் செய்வதை ‘வெற்றிட இளக்குருவாக்கம்’ என்றும், அழுத்திய காற்றைச் செலுத்திச் செய்வதை ‘வளியழுத்த இளக்குருவாக்கம்’ என்றும் குறிக்கலாம்.

ஆழமான குழிகளில், காற்று தள்ளுமுன் தகட்டை உள்ளே இறக்கிக் கொடுக்கும் துணைக்கருவியைப் பட்டறைகளில் பிளக் என்கிறார்கள். அதை ‘உந்துகட்டை’ எனலாமா என்பதை உங்கள் கருத்துக்கு விடுகிறேன்.