இந்த வருடம் யாரைச் சந்தித்தீர்கள், அடுத்த வருடம் என்ன ஆசை? நம் செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்கள் எழுதுங்கள்

நாட்டரசன்கோட்டைக்காரன்:

பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வந்தவன் இன்னும் சென்னைக்குக் கிளம்பவில்லை, கிளம்ப மனமும் வரவில்லை. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கு வைத்து, சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் இழை எடுத்துக்கொள்வது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்தது, மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கடலில் புயலில் மாட்டிக்கொண்ட முன்னோர் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, நாள் கணக்குத் தவறாமலிருக்க வேட்டியிலிருந்து தினம் ஒரு நூலை உருவி வைத்தார்களாம். கரை சேர்ந்ததும் அந்த 21 இழையையும் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொண்டார்களாம். இன்றைக்கும் அப்படியேதான் செய்கிறோம், வீட்டில் மூத்தவர் எடுத்துக் கொடுக்க. எனக்கு வருடம் திரும்புவது ஜனவரி ஒன்றில் இல்லை, இந்த இழையை விழுங்குகிற ராத்திரியில்தான். போன வருடம் என்ன நடந்தது, யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதெல்லாம் அந்த வரிசையில் நிற்கும்போதுதான் தெரியும்.

சரி, என் கதை. எங்களுடையது பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்குச் சொந்தமான பழைய வீடு. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), ரெண்டாங்கட்டு என்று தெருவிலிருந்து பின் தெரு வரை போகும். வளவுக்கு மேலே நாட்டு ஓடு நகர்ந்து, குரங்கு ஏறி உடைத்து, ஐப்பசி மழையெல்லாம் உள்ளே. பர்மா தேக்கு உத்திரம் ஓரிடத்தில் ஊறிக் கறுத்துப்போய்விட்டது. ஓட்டைப் பிரித்து மேயவேண்டும் என்றால் எல்லாப் புள்ளியும் சம்மதிக்கவேண்டும், பணமும் அப்படியே பிரியவேண்டும். வருடக்கணக்காக இது பேச்சாகவே கிடந்தது. ஒரு புள்ளி பினாங்கில். அவர்கள் ஐயா அந்தக் காலத்தில் அங்கே நம் ஆட்கள் தொழில் நடத்திய கிட்டங்கிக்கு வேலைக்குப் போய் அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டவர். எங்கள் தலைமுறையில் யாரும் அவர்கள் முகத்தைப் பார்த்ததே இல்லை.

அந்த வீட்டு அண்ணன் இந்த ஆடியில் திடீரென்று வந்து நின்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தமிழ் பேசுகிறார், நடுநடுவே மலாய் வார்த்தை வருகிறது. தைப்பூசத்துக்கு அங்கே வெள்ளி ரதத்தோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடப்பாராம். நான் வீட்டைச் சுற்றிக் காட்டலாம் என்று எழுந்தேன், அதற்குள் அவரே வளவில் வலது கைப் பக்கம் மூன்றாவது அறைக்கு நேராகப் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். உத்திரத்தில் தூளி கட்டுகிற இரும்பு வளையம். "இந்த வளையத்துல ஆடுனதா எங்க அப்பச்சி சொல்லிக்கிட்டே இருப்பாக" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சாப்பிடும்போது அவராகவே சொன்னார்: "விக்கிறதுன்னா என் கையெழுத்து கிடையாது. ஓடு மேயறதுன்னா எந்தத் தாள்ல வேணும்னாலும் போடறேன்." இத்தனை வருடம் நாங்கள் எல்லாரும், அந்தப் புள்ளிதான் பிடிவாதம், அவர்களால்தான் வேலை நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவரை யாரும் ஒழுங்காகக் கேட்கவே இல்லை, அவ்வளவுதான்.

இந்த வீடுகள் இடிவதற்கு மழையும் கரையானும் காரணம் என்கிறார்கள். என் எண்ணம் வேறு. பங்காளிகள் ஒரே பாயில் உட்கார்ந்து பேசாமல் இருப்பதுதான் முதல் காரணம், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருவது. அடுத்த வருட ஆசை: ஐப்பசி மழைக்கு முன் வளவுக் கூரை முடியவேண்டும். நீங்கள் எழுதுங்கள்.

பள்ளத்தூர் மருமகள்:

படிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது அண்ணே. எங்கள் மாமியார் வீட்டில் இது நேர்மாறாக முடிந்தது. பேச ஆள் இல்லாமல் பேசாமலேயே போய், நிலைக்கதவு, தூண், கண்ணாடி அலமாரி எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. சில மாதம் கழித்து காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கடையில் அந்த நிலைக்கதவிலிருந்த கஜலட்சுமி மாதிரியே ஒன்றைப் பார்த்தேன், எங்களுடையதுதானா என்று கிட்டப் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. புது வருடத்தில் எனக்கு ஒரே ஆசை. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், மனகோலம் என்று மாமியார் கைப்பக்குவத்தை எல்லாம் அவர்கள் தெம்பாக இருக்கும்போதே பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளவேண்டும். வீடுதான் போய்விட்டது, இதையாவது விடக்கூடாது.

ஆத்தங்குடி கல் பட்டறை:

நாங்கள் தரைக்கல் போடுகிற குடும்பம். வருடம் சுமார்தான், இயந்திரத்தில் செய்த பளபளப்புக் கல் மலிவாகக் கிடைக்கும்போது எங்களைத் தேடி வருகிறவர்கள் குறைவு, வருகிறவர்கள் மனசார வருகிறார்கள்.

நான் சந்தித்தது ஒரு ஆச்சி. பழைய வீட்டில் பெயர்த்த உடைந்த கல் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். நட்ட நடுவில் பூ, நான்கு மூலையிலும் கொடி. "இதே மாதிரி வேணும் தம்பி, பேரன் வேற கல்லு போடப் போறானாம்" என்றார். அந்த அச்சு எங்களிடம் இல்லை. அப்பா அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே தகரத்தை வளைத்துப் புது அச்சு ஒன்று செய்தார். தெரியாதவர்களுக்கு: கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கலர் கலந்த சிமெண்ட்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே காய்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் பண்ணவேண்டும். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்து உலர்த்தினால் கண்ணாடி தானாகப் பிரிந்து வரும். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது, பாலிஷ் எதுவும் போடுவதில்லை. கை நடுங்கினால் கலர் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். அப்பாவுக்கு இப்போது கை கொஞ்சம் நடுங்குகிறது, அதனால் அச்சை அவர் செய்தார், கலரை என் தங்கை ஊற்றினாள். எங்கள் வீட்டில் பெண்பிள்ளை கலர் ஊற்றியது இதுதான் முதல் தடவை. ஆச்சி பார்த்துவிட்டு, பழைய கல்லின் ஓரத்திலிருக்கிற அந்தப் பச்சை இன்னும் கொஞ்சம் இருட்டு என்றார்கள், திரும்பப் போட்டோம், சரியாக வந்தது.

அடுத்த வருடம் தங்கை தானாகவே ஒரு பூ வரையவேண்டும், அதற்கு ஒரு வீடு கிடைக்கவேண்டும்.

பழனி பாதயாத்திரை:

சுருக்கமாக எழுதுகிறேன். குன்றக்குடியிலிருந்து காவடியோடு கிளம்பி நத்தம், திண்டுக்கல் வழியாக நடக்கிற கூட்டத்தில் இந்த வருடமும் இருந்தேன். நத்தம் தாண்டி ஒரு இடத்தில் என் காலில் கொப்புளம் உடைந்து உட்கார்ந்துவிட்டபோது, முன்பின் தெரியாத ஒரு வீட்டு அம்மா வெந்நீரும் உப்பும் கொண்டுவந்து தானே கழுவிவிட்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. "வருசா வருசம் இந்த வழியா போறவுகளுக்குச் செய்யறதுதான்" என்றார். பேர்கூடக் கேட்டுக்கொள்ள விடவில்லை. வரப்போகிற தைப்பூசத்துக்கும் அந்த வழியாகத்தான் போவேன், அவருக்கு ஒரு கண்டாங்கிச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன். வாங்கிக்கொள்ளவேண்டும், அதுதான் ஆசை.

வீடு பார்த்துக்கொள்பவர் மகள்:

எல்லாரும் வீட்டுக்காரர்களாகவே எழுதுகிறீர்கள், நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதலாமா? எங்கள் அம்மா அப்பா ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள், நான் பிறந்ததே அந்த வீட்டுப் பின்கட்டில்தான். வீட்டுக்காரர்கள் கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, நோன்பு என்றால் வருவார்கள். மற்ற நாளெல்லாம் அறை அறையாகத் திறந்து காற்றுக் காட்டி, பெருக்கி, கரையான் மண் தெரிகிறதா என்று நிலைக்கு நிலை தடவிப் பார்ப்பது அம்மாதான். ஆள் புழங்காத வீடு தானாகவே செத்துப்போகும் என்பார்கள்.

இந்த வருடம் அந்த வீட்டுப் பெரிய ஆச்சி, மகன் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். சின்ன வயதில் அவர்களைக் கண்டாலே தூணுக்குப் பின்னால் ஒளிவேன். இப்போது சாயங்காலமானால் பட்டாலை மேடையில் உட்கார வைத்துக் கொட்டான் (பனையோலைக் கூடை) முடையக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஓலையை எவ்வளவு ஈரத்தில் எடுக்கவேண்டும், நிறம் ஏற்றிய ஓலையை எங்கே நுழைக்கவேண்டும் என்று திட்டிக்கொண்டே சொல்வார்கள். ஒரு நாள் வீட்டுக்காரர்கள் போனில் கூரையைப் பற்றி ஏதோ விவாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஆச்சி போனை வாங்கி, "எது எங்க ஒழுகுதுன்னு உங்களுக்கா தெரியும், இந்தா இவ அம்மாகிட்ட கேளுங்க" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். அம்மா ஒவ்வொரு இடமாகச் சொன்னார்கள், அவர்களும் எழுதிக்கொண்டார்கள். இத்தனை வருடத்தில் அம்மாவிடம் அந்த வீட்டைப் பற்றி யோசனை கேட்டது அன்றைக்குத்தான்.

நாட்டரசன்கோட்டை அண்ணே, பங்காளிகள் ஒரே பாயில் உட்காரவேண்டும் என்றீர்கள். அந்தப் பாயில் எங்களைப் போன்றவர்களுக்கும் இடம் கொடுங்கள். அதுதான் என் புது வருட ஆசை. மற்றபடி எனக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.காம். கடைசி வருடம், வேலை காரைக்குடியிலேயே கிடைத்தால் போதும்.

நாட்டரசன்கோட்டைக்காரன்:

தங்கச்சி, நீ எழுதியதை அப்படியே எங்கள் பங்காளிகள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். பினாங்கு அண்ணன் உடனே பதில் போட்டார்: "அந்தப் பிள்ளை சொல்றது நியாயம்." தைப் பொங்கல் முடிந்த முதல் செவ்வாய் எங்கள் ஊரில் செவ்வாய்ப் பொங்கல், கண்ணாத்தாள் கோயில் முன்னால் வரிசையாகப் பானை வைப்பார்கள், எங்கிருந்தாலும் எல்லாப் புள்ளியும் வந்துவிடும். மறுநாள் காலை வளவில் உட்காருகிறோம். எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிற அய்யாவும் அவர் வீட்டம்மாவும் அன்றைக்குப் பேச்சில் இருப்பார்கள், அவர்களிடம் நேற்றே சொல்லிவிட்டேன். எந்த உத்திரத்தை மாற்றவேண்டும், எது தாங்கும் என்று முதலில் அவர்கள் சொல்லட்டும், பணக் கணக்கு அப்புறம்.

ஆத்தங்குடித் தம்பி, எங்கள் வளவிலும் மழையில் பெயர்ந்த கல் கொஞ்சம் இருக்கிறது. பழைய பூவே வேண்டும் என்றில்லை, உங்கள் தங்கை வரைகிற பூவையே போடலாம் என்று பேசப்போகிறேன்.

நாட்டு ஓடு பிரித்து மேயத் தெரிந்த கொத்தனார் யாராவது தேவகோட்டை, காளையார்கோயில் பக்கம் இருந்தால் இங்கே சொல்லுங்கள். மாசியில் தொடங்கினால் நல்லது.