பிரேக் ஆயில், கியர் ஆயில்: எதை வைத்து மாற்றும் நேரத்தை முடிவு செய்வது?

கேள்வி (புதுச்சாவி):
ஆட்டோமேட்டிக் கார், வயது 5, ஓட்டம் 68,000 கி.மீ. கைமாறி வந்த வண்டி, சர்வீஸ் பதிவு எதுவும் இல்லை. பிரேக் ஆயில் பழுப்பாக இருக்கிறது, மட்டம் MIN (குறைந்தபட்ச அளவு) கோட்டுக்குச் சற்று மேலே. பெடல் கெட்டியாகத்தான் இருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே வேண்டாம், ஆயுள் முழுக்க வரும் என்று மேனுவல் சொல்கிறது. கியர் மாறுவதில் குலுங்கல் இல்லை. நிறத்தை வைத்து முடிவு செய்யலாமா? பிரேக் ஆயிலை இப்போதைக்கு மேலே கொஞ்சம் ஊற்றிவிட்டால் போதுமா?

பதில் 1 (அச்சாணி):
மேலே ஊற்றாதீர்கள், முதலில் பிரேக் பேடை (வட்டைப் பிடித்து நிறுத்தும் கட்டை) பாருங்கள். பேட் தேயத் தேய அதை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். அதனால் மட்டம் மெதுவாகக் குறைவது இயல்பு. இப்போது MAX கோடு வரை நிரப்பினால், புது பேட் போட பிஸ்டனைத் தள்ளும்போது வண்டியிலுள்ள பிரேக் ஆயில் டப்பா வழிந்து பெயிண்டை அரிக்கும். பேட் தடிமனாக இருந்தும் மட்டம் குறைகிறது என்றால் அது கசிவு. அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

நிறத்தை நம்ப வேண்டாம். சூட்டாலும் ரப்பர் கரைசலாலும் ஆயில் கறுக்கும், ஆனால் தண்ணீர் கலந்தால் நிறம் மாறாது. பளிச்சென்று தெரியும் ஆயிலிலும் ஈரம் இருக்கலாம். பிரேக் ஆயிலின் தர வகைகளான டாட் (DOT) 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் காற்றின் ஈரத்தை இழுக்கும் வகை; ஓஸின் ரப்பர் வழியாகவும் டப்பாவின் காற்றுத்துளை வழியாகவும் அது உள்ளே போகும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் 3.7 சதவீதம் ஏறிய நிலையில் விதி கேட்பது 155 தான். டாட் 3-க்கு இதே கணக்கு 205, 140. நீண்ட மலையிறக்கத்தில் காலிப்பர் அந்தச் சூட்டை எட்டினால் ஆயில் ஆவியாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. இன்று பெடல் கெட்டியாக இருப்பது இதற்கு உத்தரவாதமே இல்லை, ஆறிய பிரேக்கில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

ஆகவே பிரேக் ஆயிலுக்குக் கி.மீ. அல்ல, காலம்தான் கணக்கு. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 2 வருடம் என்கிறார்கள், சிலர் 3. பதிவே இல்லாத 5 வருட வண்டிக்குச் சோதனைகூடத் தேவையில்லை, மாற்றிவிடுங்கள். சோதிக்க விரும்பினால் கொதிநிலை அளக்கும் கருவிதான் சரி. விளக்கு எரியும் சோதனைப் பேனா மின்கடத்தலை மட்டும் பார்க்கிறது, அதுவும் டப்பாவில் இருக்கும் ஆயிலில் மட்டும்.

முழுசாக மாற்ற சுமார் 1 லிட்டர், சீல் உடையாத டப்பாவாக வாங்குங்கள். வண்டியிலுள்ள டப்பாவின் மூடியில் எழுதிய வகையையே போடுங்கள். டாட் 5 சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு சேராது, 5.1 என்று நினைத்து 5-ஐ ஊற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பழையதை டப்பாவிலிருந்து உறிஞ்சி எடுத்துப் புதியதை நிரப்பிவிட்டு, ஒவ்வொரு சக்கரமாக, ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் ப்ளீடர் ஸ்க்ரூவில் தெளிந்த ட்யூபை மாட்டி எடுங்கள். வழக்கமாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடல் அழுத்தும் பிரேக் பம்ப்) தூரத்துச் சக்கரம் முதலில், ஆனால் சில மாடல்களில் வரிசை வேறு. மட்டம் MIN கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போய்விட்டால் சில வண்டிகளில் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) இல்லாமல் வெளியேற்ற முடியாது. பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்காமல் அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் ஓடாத பகுதியில் துரு இருக்கும், அங்கே சீல் உரசினால் கிழியும்.

பதில் 2 (பல்சக்கரம்):
கியர்பாக்ஸுக்கு வருகிறேன். "ஆயுள் முழுக்க" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்யும் இசட்எஃப் நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 120,000 கி.மீ. அல்லது 8 வருடம் என்கிறது. நெரிசல், இழுவை, மலைப்பாதை என்றால் இன்னும் முன்னால். உங்கள் வண்டிக்கு இப்போது அவசரமில்லை, ஆனால் திட்டமிட வேண்டிய நேரம்.

முதலில் எந்த வகைப் பெட்டி என்று உறுதி செய்யுங்கள். சிவிடிக்கு (பல்சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் வகை) சிவிடி ஆயில் மட்டுமே. சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் பெல்ட் வழுக்கித் தேயும். இங்கே நிறமும் மணமும் ஓரளவு பேசும்: சிவப்பு கறுத்தால் வயது, கருகிய வாடை வந்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது, இளஞ்சிவப்பாகப் பால்போல் இருந்தால் ரேடியேட்டர் கூலரிலிருந்து கூலன்ட் கலந்திருக்கிறது. கடைசி வகைக்கு ஆயில் மாற்றம் மருந்தல்ல.

புதுச்சாவி:
டிரெயின் செய்தால் எல்லாம் வெளியே வந்துவிடுமா? மெஷின் ஃப்ளஷ் நல்லதா?

பல்சக்கரம்:
வராது. என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் மூலம் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் நிறைய தங்கிவிடும். மொத்தம் 8 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் 3.5 லிட்டர் இறங்குகிறது என்றால் ஒரு தடவைக்கு 44 சதவீதம் புதுசு, இடையில் ஓட்டிவிட்டு இரண்டாம் தடவை செய்தால் 68, மூன்றாம் தடவை 82. பதிவு தெரியாத பெட்டிக்கு இந்த வழியே நல்லது. அழுத்தம் கொடுக்கும் ஃப்ளஷ் அடியில் படிந்த தூளைக் கிளப்பி, கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடிக்குள் தள்ளக்கூடும்.

ஊற்றும் ப்ளக்கை முதலில் திறந்து பாருங்கள், அப்புறம்தான் டிரெயின் ப்ளக். ஊற்றும் ப்ளக் திறக்காமல் போனால் ஆயிலை இறக்கிவிட்டு மாட்டிக்கொள்வீர்கள். இறங்கிய அளவை அளந்து வையுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை சாதாரணம், கையில் குத்தும் துகள் இருந்தால் உள்ளே பாகம் உடைகிறது. வாஷர் புதிது போடுங்கள்.

டிப்ஸ்டிக் இல்லாத பெட்டியில் மட்டம் பார்ப்பதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். வண்டி சமதளத்தில், என்ஜின் ஓட்டத்தில், எல்லா கியரையும் ஒருமுறை போட்டுவிட்டு, ஆயில் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்கும்போது வழிதுளையில் சன்னமாக வழிய வேண்டும். அந்த வெப்பம் ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு, சர்வீஸ் குறிப்பில் பார்த்து ஸ்கேனரில் படியுங்கள். ஆறிய ஆயிலில் அளந்தால் கூடுதலாகிவிடும், நுரைத்து அழுத்தம் குறையும். அதிகச் சூட்டில் அளந்தால் குறைந்துவிடும்.

பதில் 3 (கிளட்ச்தட்டு):
மேனுவல் கியர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஜிஎல்-4 (கியர் ஆயில் தர வகை) கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மம் கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சிங்க்ரோ ரிங்கைத் தாக்கக்கூடும், கியர் விழும்போது உரசல் சத்தம் வரும். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் பல வண்டிகளில் பிரேக் டப்பாவிலிருந்தே ஆயில் எடுக்கிறது. பிரேக்கை மாற்றும் நாளில் கிளட்ச் சிலிண்டரிலும் பழையதை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் மட்டும் பழைய ஆயிலோடு நிற்கும்.