குடியால் கெட்ட கல்லீரலுக்கு வரிசையில் எந்த இடம்?

மீனாட்சிபுரம் வாசகர்

குடியால் கல்லீரல் கெட்டவருக்கு மாற்றுக் கல்லீரல் வரிசையில் எந்த இடம் என்ற இந்த விவாதத்தில் எனக்குச் சொந்த நலன் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்காள் மகனுக்குப் பதினாறு வயது. உடலில் செம்பு தேங்கிக் கல்லீரலைக் கெடுக்கும் வில்சன் நோய் அவனுக்கு இருக்கிறது. அது மரபணுவால் வருவது, எந்தப் பழக்கத்தாலும் வருவதன்று. அக்காளின் இரத்த வகை பொருந்தவில்லை. அத்தானுக்குச் சர்க்கரை நோய் முற்றியிருக்கிறது. தாய்மாமனாகிய நான் சட்டம் சொல்லும் நெருங்கிய உறவினர் பட்டியலில் வருவதில்லை. அங்கீகாரக் குழுவின் அனுமதி பெற்றாவது கொடுக்கலாம் என்று போனபோது, எனக்குக் கொழுப்புக் கல்லீரல் இருப்பதாகச் சொல்லி மருத்துவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆகவே, மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து கிடைக்கும் கல்லீரலுக்காகக் கோவையில் பெயர் பதிந்துவிட்டுத் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கிறோம்.

எங்கள் பகுதியைச் சேர்ந்த இன்னொருவரும் அதே இரத்த வகையில் அதே பட்டியலில் இருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேல் குடித்தவர். அவருடைய நோய் மதிப்பெண் அதிகம் என்பதால், அடுத்து வரும் கல்லீரல் அவருக்கே போகக்கூடும் என்கிறார்கள். அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு கல்லீரலுக்கு இரண்டு பேர் காத்திருக்கும் இடத்தில், தன் நோயைத் தவிர்க்கும் வாய்ப்பே கிடைக்காத ஒருவனுக்கு முதல் உரிமை கொடுப்பது எப்படி அநீதியாகும்? 1991-இல் மாஸ், சீக்லர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதைத்தான் எழுதினார்கள்: குடிப்பழக்கத்தை நோய் என்றே கொண்டாலும், அதற்குச் சிகிச்சை தேடிக்கொள்ளும் பொறுப்பு நோயாளியுடையது, அதைச் செய்யத் தவறியவர் வரிசையில் பின்னே நிற்பது நியாயமே. கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட் 2002-இல் லண்டனில் மாற்றுக் கல்லீரல் பெற்றார். அடுத்த ஆண்டே குடிக்கத் தொடங்கினார். 2005 நவம்பரில் இறந்தார். அந்தக் கல்லீரல் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய ஒருவரை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

பாலக்காட்டுச் சித்தூர் செவிலியர்

அண்ணா, உங்கள் அக்காள் மகனுக்கு விரைவில் கல்லீரல் கிடைக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். நான் கோவையில் கல்லீரல் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். உங்களைப் போலக் காத்திருக்கும் குடும்பங்களை நாள்தோறும் பார்க்கிறேன். இருந்தாலும் உங்கள் வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

நீங்கள் சொல்லும் நோய் மதிப்பெண்ணுக்கு மெல்ட் என்று பெயர். அது யாருடைய ஒழுக்கத்தையும் அளப்பதன்று. இரத்தத்தில் பிலிருபின் அளவு, கிரியேட்டினின் அளவு, இரத்தம் உறைய எடுக்கும் நேரம் ஆகியவற்றைக் கொண்டு, மாற்று உறுப்பு கிடைக்காவிட்டால் இவர் அடுத்த மூன்று மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று அது கணக்கிடுகிறது. 2002-இல் அமெரிக்கா அதை வரிசைக்கு அடிப்படையாக்கியபோது, மருத்துவரின் விருப்புவெறுப்புக்கு இடம் குறைய வேண்டும் என்பதும் ஒரு நோக்கம்.

குற்றம் பார்க்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது? உங்களுக்கே கொழுப்புக் கல்லீரல் இருக்கிறது என்கிறீர்கள். நாளை அது சுருங்கி இறுகி நீங்களும் இதே பட்டியலுக்கு வரும்படி நேர்ந்தால், உடல் எடையைக் குறைத்தீர்களா, சர்க்கரையைக் கட்டுப்படுத்தினீர்களா என்று கேட்டு உங்களைப் பின்னுக்குத் தள்ள நான் சம்மதிக்க மாட்டேன். வீட்டுச் சண்டையில் நஞ்சருந்திக் கல்லீரல் செயலிழந்து வரும் இளம்பெண்ணை மிக அவசரப் பட்டியலில் சேர்க்கிறோம். நீயே தேடிக்கொண்டதுதானே என்று அவளிடம் எவரும் சொல்வதில்லை. குடிநோயாளியிடம் மட்டும் அதைச் சொல்லலாம் என்பது எனக்குப் பெரிய வேதனை.

ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான் பட்டியலில் சேர்ப்போம் என்ற வழக்கம் பல மருத்துவமனைகளில் இருக்கிறது. அதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு: குடியை நிறுத்தியதும் சிலருக்குக் கல்லீரல் தானாகவே தேறிவிடுகிறது, மாற்றே தேவைப்படுவதில்லை. ஆனால் குடியால் வரும் கடுமையான கல்லீரல் அழற்சியில், ஸ்டீராய்டு மருந்துக்கும் அடங்காத நிலையில் வருபவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதம் உயிரோடு இருப்பதில்லை. பிரான்சு, பெல்ஜியம் நாட்டு மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், காத்திருக்க வைக்காமல் மாற்று செய்யப்பட்ட 26 பேரில் 77 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குப் பிறகும் உயிருடன் இருந்தார்கள். மாற்று செய்யப்படாத அதே நிலை நோயாளிகளில் 23 விழுக்காட்டினரே இருந்தார்கள். மீண்டும் குடித்தவர்கள் மூன்று பேர். ஜார்ஜ் பெஸ்டின் கதை உலகுக்கெல்லாம் தெரியும்; அந்த 26 பேரில் மீண்டும் குடிக்காத இருபத்து மூன்று பேரின் கதையை எந்தச் செய்தித்தாளும் எழுதவில்லை.

பொள்ளாச்சி வழக்கறிஞர்

செவிலியர் அம்மையார் சொன்ன ஆய்வைப் பற்றி ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த 26 பேர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதே அதில் முக்கியம். முதன்முறையாகக் கல்லீரல் நிலைகுலைந்தவர்கள், நெருக்கமாக நின்று பார்த்துக்கொள்ளும் குடும்பம் உள்ளவர்கள், மருத்துவக் குழு முழுவதும் ஒருமனதாக ஒப்புக்கொண்டவர்கள் ஆகியோரை மட்டுமே எடுத்தார்கள். அந்த நோயோடு வந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஆகவே, அந்த 77 விழுக்காட்டை எல்லாக் குடிநோயாளிகளுக்கும் பொருத்திப் பேசக் கூடாது.

என் கவலை வேறு. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் ஹிதேந்திரனின் பெற்றோர், இருவரும் மருத்துவர்கள், மூளைச்சாவு அடைந்த தம் மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகுதான் பொதுமக்களிடையே இந்த நம்பிக்கை வேரூன்றியது. கேரளத்தில் 2012-இல் மிருதசஞ்சீவனி என்ற உறுப்புக் கொடைத் திட்டம் தொடங்கியது. உறுப்புக் கொடை செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு முதலமைச்சர் அறிவித்தார். இவை எல்லாம் நிற்பது ஒரே ஒரு நம்பிக்கையின் மேல். தலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளைக் கொடுக்கலாமா என்று கேட்கப்படும் தாய், அவனுடைய கல்லீரல் யாருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடியாது. போகும் இடத்தில் அது மதிக்கப்படும் என்று நம்பித்தான் கையெழுத்திடுகிறாள். அது வீணாயிற்று என்ற செய்தி ஓர் ஊரில் பரவினால், அந்த ஊரில் அடுத்த தாய் கையெழுத்திடத் தயங்குவாள். அப்போது குடித்தவருக்கும் இல்லை, குடிக்காதவருக்கும் இல்லை.

கடந்த காலத்துக்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வருங்காலத்தில் அந்த உறுப்பைக் காப்பாரா என்று கேட்பது தண்டனை ஆகாது.

கோபாலபுரம் தோப்புக்காரர்

எங்கள் தென்னந்தோப்பில் கள் இறக்குகிறோம். சித்தூர் வட்டத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் வண்டிகளில் அது கேரளத்தின் பிற மாவட்டங்களுக்குப் போகிறது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆனால் 2003 முதல் அரசே கடை வைத்து மது விற்கிறது, ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பார்க்கிறது. கேரளத்தில் எங்கள் பக்கமும் மதுக் கழகம் அரசுடையதே. இப்படி இரண்டு அரசுகளும் நானும் உட்பட இத்தனை பேர் பிழைக்கும் ஒரு தொழிலின் விளைவுக்கு, குடித்தவன் ஒருவனை மட்டும் பொறுப்பாக்கி வரிசையின் கடைசியில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. சிகிச்சை தேடாதவர் பின்னே நிற்கட்டும் என்கிறார் மீனாட்சிபுரத்துத் தம்பி. விமுக்தி போன்ற போதை மீட்புத் திட்டங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் நாற்று நடும், தேங்காய் உரிக்கும் அன்றாடக் கூலிக்காரர் மூன்று வாரம் மையத்தில் தங்கினால் அந்த மூன்று வாரம் அவர் வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

எல்லோரும் வரிசையைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் நாட்டில் நடக்கும் கல்லீரல் மாற்றுகளில் பெரும்பாலானவை வரிசையிலிருந்து வருபவை அல்ல. உயிரோடிருக்கும் உறவினர் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுப்பதால் நடப்பவை. 1998-இல் தில்லியில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு அதன் தந்தை கொடுத்ததிலிருந்து அந்தப் பாதை தொடங்கியது. இன்று உயிரோடிருந்து உறுப்புக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் நானும் ஒருத்தி. என் கணவருக்குக் கொடுத்தேன். அவர் குடித்துக் கெட்ட கல்லீரலுக்கு மாற்றாகக் கொடுத்தேன்.

வலப்புறப் பகுதியை எடுக்கும்போது கல்லீரலில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு போகிறது. அது மீண்டும் வளர்ந்துவிடும் என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள்; வளரத்தான் செய்கிறது. ஆனால் அப்படிக் கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை இறக்கக்கூடும் என்பதை எனக்குச் சொன்ன இடம் ஒரு சிறிய ஆலோசனை அறை. அங்கே என் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். நாத்தனார் கதவருகே நின்றிருந்தார். அவர்கள் முன்னிலையிலேயே, "உங்களுக்கு முழுச் சம்மதம்தானே?" என்று கேட்டார்கள். வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? அந்த மருத்துவமனை எர்ணாகுளத்தில் இருக்கிறது. அதன் பெயரைச் சொல்வது என் நோக்கமன்று.

ஆறு மாதக் காத்திருப்பு எங்களுக்கு விதிக்கப்படவில்லை. வரிசையிலிருந்து யாருடைய பங்கையும் எடுக்கவில்லையே, மனைவிதானே கொடுக்கிறாள், பிறகு எதற்குக் காத்திருப்பது என்று குடும்பத்தில் பேசிக்கொண்டார்கள். வழக்கறிஞர் ஐயா, பெயர் தெரியாத ஒரு தாயின் நம்பிக்கையைப் பற்றி அவ்வளவு அக்கறையோடு எழுதினீர்கள். அவர் கொடுத்த கல்லீரலைக் காக்க ஆயிரம் கேள்வி கேட்கும் இந்த ஏற்பாடு, மனைவி கொடுக்கும்போது ஏன் ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறது? செவிலியர் தங்கை அந்த ஆறு மாதத்தைத் தடை என்கிறாள். எனக்கு அது, நான் யோசித்துப் பார்க்கக் கிடைத்திருக்க வேண்டிய காலம்.

என் கணவர் இப்போது குடிப்பதில்லை. காலையிலும் மாலையிலும் எட்டு மணிக்கு புதிய கல்லீரலை உடல் ஒதுக்கிவிடாமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்கிறார். அவர் வீடு திரும்பத் தாமதமாகும் நாட்களில் என் கை தானாகவே தழும்பின் மேல் போகிறது.

மீனாட்சிபுரம் வாசகர்

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, மனைவி கொடுக்கும் கல்லீரலுக்கும் அதே கடுமையான மதிப்பீடு வேண்டும் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. இறந்தவரிடமிருந்து வரும் கல்லீரலைப் பொறுத்தவரை நான் முன்பு சொன்னதையே சொல்கிறேன். இரண்டு பேருடைய மதிப்பெண்ணும் ஒன்றாக இருந்தால், அப்போதாவது என் அக்காள் மகன் போன்றவர்கள் முன்னே நிற்கக் கூடாதா? எனக்குக் கொழுப்புக் கல்லீரல் இருப்பதைச் சுட்டிக்காட்டினீர்கள், தங்கை. நான் அந்த வரிசைக்கு வரும் நாளில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் எனக்குச் சமமான நிலையில் இருந்தால், என்னைப் பின்னே நிறுத்துங்கள் என்று இங்கேயே எழுதித் தருகிறேன்.

பாலக்காட்டுச் சித்தூர் செவிலியர்

அண்ணா, நீங்கள் உங்களுக்காக அப்படி விட்டுக்கொடுக்கலாம். இன்னொருவருக்காக அதை நாம் முடிவு செய்ய முடியாது. வயது குறைந்தவருக்கு முன்னுரிமை என்று கேட்டால் அதை நான் மறுக்க மாட்டேன். பல நாடுகளில் சிறுவர்களுக்குத் தனி இடம் உண்டு. அதை வயதின் பெயரால் கேளுங்கள், குற்றத்தின் பெயரால் கேட்காதீர்கள். வில்சன் நோய் திடீரென முற்றினால், பொதுவாக அது மிக அவசர நிலையாகக் கருதப்படுகிறது என்பதையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உறுப்பைக் காப்பாரா என்று கேட்பதற்கு இன்று நாட்களை எண்ணுவதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. பெத் என்ற இரத்தப் பரிசோதனை, கடந்த சில வாரங்களில் மது அருந்தினாரா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். மனநல மருத்துவர் தனியாகப் பேசி, வீட்டில் யார் துணை, வேலை உண்டா, மனச்சோர்வு இருக்கிறதா, முன்பு எத்தனை முறை விட முயன்றார் என்று பார்க்கிறார். மாற்றுக்குப் பிறகும் அந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் தொடர வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பின்னால் ஏதேனும் ஒரு கட்டத்தில் மீண்டும் குடிக்கிறார். அப்படியிருந்தும் பிழைத்திருக்கும் காலத்தில் மற்ற நோயாளிகளுக்கு இவர்கள் பெரிதும் குறைந்தவர்கள் அல்லர். இதை 1980-களின் இறுதியிலேயே கல்லீரல் மாற்று அறுவையின் முன்னோடியான அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஸ்டார்சில் குழுவினர் காட்டிவிட்டார்கள்.

பொள்ளாச்சி வழக்கறிஞர்

ஆசிரியை அம்மா கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. நடைமுறையில் இல்லை என்பதே குறை. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் 2014-இல் வந்த விதிகளில், கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்றும், அவருடைய சுதந்திரமான சம்மதத்தை உறுப்பைப் பெறுபவர் அல்லாத ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்றும் இருக்கிறது. பெறுபவரின் தாய் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது கேட்பது அந்த விதியின் எழுத்துக்குப் பொருந்தலாம், நோக்கத்துக்குப் பொருந்தாது. இரண்டு மாநில உறுப்பு மாற்று ஆணையங்களுக்கும் ஒரு மனு எழுதித் தருகிறேன். குடும்பத்தார் எவரும் இல்லாத அறையில், மருத்துவமனையைச் சாராத ஒருவர் கேட்க வேண்டும். மறுத்தால், மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை என்று மட்டுமே குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். வரிசையைப் பற்றி நமக்குள் இருக்கும் கருத்து வேறுபாடு இதற்குத் தடையாக வேண்டியதில்லை.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

மனுவில் இன்னொன்றையும் சேருங்கள், ஐயா. என்னிடம் கையெழுத்து வாங்கிய படிவம் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தது. நான் இரண்டையும் படிப்பேன். எங்கள் பக்கத்துத் தோப்புகளில் வேலை செய்யும் பெண்களில் பலருக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்தான்; சிலருக்கு அதுவும் தெரியாது. கேள்வியைத் தமிழில், வாய்மொழியாக, அவசரப்படுத்தாமல் கேட்கட்டும்.