காகிதத்தில் இல்லாத பாதி: மாண்டலினில் ஐரிஷ் மெட்டு கற்ற அனுபவங்கள்

கார்க்கிலிருந்து

ஐரிஷ் மெட்டுகளை மாண்டலினில் பழக நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. மாண்டலினின் நான்கு ஜோடிக் கம்பிகளும் ஜி, டி, ஏ, ஈ என்று இங்குள்ள ஃபிடிலைப் போலவே சேர்க்கப்படுகின்றன. ஃபிடில் என்பது நம் வயலின்தான். ஃபிடிலுக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த மெட்டுகள் எல்லாம் விரல் வைக்கும் இடம்கூட மாறாமல் மாண்டலினில் உட்கார்ந்துவிடும். பெரும்பாலான மெட்டுகள் டி அல்லது ஜி சுருதியில் இருக்கும். புல்லாங்குழலும் இலியன் பைப்பும் (முழங்கையால் காற்றூட்டி வாசிக்கும் ஐரிஷ் பை வாத்தியம்) எட்டக்கூடிய எல்லைக்குள் பிறந்தவை என்பதால், ஏழாவது ஃபிரெட்டை, அதாவது கழுத்தில் உள்ள ஏழாவது குறுக்குக் கட்டைத் தாண்டிக் கை போக வேண்டிய தேவை அபூர்வம்.

மாண்டலின் ஸ்ரீனிவாஸைக் கேட்டுவிட்டு வீட்டில் அடம்பிடித்து மாண்டலின் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். அந்தப் பயிற்சியில் கம்பிகளை ஸ, ப, ஸ, ப என்று சேர்ப்போம். ஒற்றைக் கம்பியில் இடது கையை இழுத்து இழுத்துக் கமகம் கொண்டுவருவோம். உயிர் முழுக்க இடது கையில். வேலைக்காக அயர்லாந்து வந்து, இங்கே பப்களில் பலர் கூடி வாசிக்கும் செஷன்களில் உட்கார ஆரம்பித்த பிறகுதான், இந்த இசையில் உயிர் வலது கையில் இருக்கிறது என்று தெரிந்தது. இடது கை ஒரே இடத்தில் அமைதியாக இருக்கும். பிக், அதாவது கம்பியை மீட்டும் சிறு தகடு, பிடித்த கைதான் மெட்டைப் பேசவைக்கிறது.

ஜிக், ரீல் எல்லாம் ஐரிஷ் நடன மெட்டு வகைகள். ஜிக் என்பது ஆறு எண்ணிக்கை, மூன்று மூன்றாக. நமக்குத் திஸ்ர நடை பழக்கம்தானே, எளிது என்றுதான் தோன்றும். ஆனால் பிக் போகும் வழி வேறு: கீழ், மேல், கீழ்; மறுபடியும் கீழ், மேல், கீழ். ஒவ்வொரு மூன்றின் தொடக்கமும் கீழ்நோக்கி விழுவதால் இரண்டு கீழடிகள் அடுத்தடுத்து வருகின்றன. மேல், கீழ் என்று மாற்றி மாற்றியே பழகிய கைக்கு இது முதலில் தடுமாற்றம்தான். பலர் இந்த இடத்தில் சலித்துப்போய், ஜிக்கையும் சாதாரணமாக மாற்றி மாற்றி அடித்துவிடுகிறார்கள். சுரங்கள் சரியாக விழும். ஆனால் இரண்டாவது மூன்றின் தலையில் மேலடி வந்து நிற்கும், அதில் எடை இருக்காது, ஆட்டம் போய்விடும். கீழ்-மேல்-கீழை விடாதீர்கள். கம்பியை விரலால் அமுக்காமல், வெறும் திறந்த கம்பியில் இதை மட்டும் பழகுங்கள். கை பழகிய பிறகு வேகம் தானாக வரும்.

ரீலில் அந்தச் சிக்கல் இல்லை. கீழ், மேல் என்று ஓடும். அங்கே அழகு டிரிப்லெட்டில் இருக்கிறது. நீளமாக நிற்க வேண்டிய ஒரு சுரத்தை உடைத்து மூன்று சிறு அடிகளாகப் போடுவது. ஃபிடிலிலும் குழலிலும் 'ரோல்' என்று ஒரு அலங்காரம் உண்டு: ஒரே சுரத்தை மேலும் கீழும் லேசாகத் தொட்டுத் தொட்டு உருட்டுவார்கள். அங்கே வில்லோ மூச்சோ நாதத்தைத் தாங்கிப் பிடிப்பதால் அது முடிகிறது. மாண்டலினில் மீட்டியவுடன் நாதம் கரைய ஆரம்பித்துவிடும். அதனால் அதே இடத்தில் நாம் டிரிப்லெட் போடுகிறோம். 'டப்ளினர்ஸ்' என்ற ஐரிஷ் குழுவின் பார்னி மெக்கென்னா டெனர் பாஞ்சோவில் இதைச் செய்வதைக் கேளுங்கள். பாஞ்சோவை மாண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே அதே ஜி, டி, ஏ, ஈ சேர்க்கையில் வாசித்தவர் அவர். அவர் காட்டிய வழியில்தான் இன்று அயர்லாந்தின் பாஞ்சோக்காரர்களில் பெரும்பாலோர் வாசிக்கிறார்கள்.

சரி, மெட்டை எங்கிருந்து கற்பது? புத்தகத்திலிருந்தா, காதாலா? எல்லோரும் முதலில் ஓடுவது ஓ'நீல் தொகுப்புக்குத்தான். கார்க் மாவட்டத்தில் பிறந்து அமெரிக்கா போன ஃபிரான்சிஸ் ஓ'நீல், சிகாகோ போலீஸின் தலைவராக இருந்தபோது, 1903-இல், 1,850 மெட்டுகளை அச்சில் கொண்டுவந்தார். சிகாகோவில் குடியேறிய ஐரிஷ்காரர்களிடமிருந்து தேடித் தேடிச் சேகரித்தவை. நான் வணங்கும் மனிதர் அவர். ஆனால் ஒரு விஷயம்: ஓ'நீல் குழல் வாசிப்பவர், காதால் கற்றவர், நொட்டேஷன் எழுதும் வேலையை அவருக்காகச் செய்தவர் அதே போலீஸில் இருந்த ஜேம்ஸ் ஓ'நீல். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் எழுத, அச்சில் வந்தது எலும்புக்கூடு. எங்கே எடை, எங்கே மூச்சு, இரண்டாம் முறை வரும்போது எந்த வாக்கியம் மாறும் என்பதெல்லாம் அதில் கிடையாது. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அது ஆளுக்கு ஆள் மாறும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் செஷனில் பாஞ்சோ வாசிக்கும் ஒரு பெரியவர். ஒரு மெட்டை நான் காகிதத்தைப் பார்த்துச் சுத்தமாக வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "மாண்டலினை மேசைமேல் வை. வாயால் பாடு" என்றார். இங்கே அதற்கு லில்டிங் என்று பெயர். டிடில் டை, டிடில் டை என்று சொற்கட்டு மாதிரி வாயால் மெட்டைச் சொல்வது. ஒரு வாக்கியத்தை அவர் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, இரண்டு பகுதியும் வாயில் வந்த பிறகுதான் வாத்தியத்தைத் தொடவிட்டார். பாட்டு வகுப்பில் பாடாந்தரமாகக் கற்ற நமக்கு இது புதிதே இல்லை. அன்றிலிருந்து வாயில் வராத மெட்டை நான் கையில் எடுப்பதில்லை.

அப்புறம் செஷன் பழக்கவழக்கம். அது கச்சேரி அல்ல. வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தொடங்க, தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். முதல் பகுதி எட்டு தாளக் கட்டு (பார்) இருமுறை, இரண்டாம் பகுதியும் அப்படியே; மொத்தம் முப்பத்திரண்டு. இதை இரண்டு மூன்று தரம் சுற்றிவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். தெரியாத மெட்டு வந்தால் கை கட்டிக் கேட்க வேண்டும். உள்ளே தேடித் தேடி அடிப்பதை யாரும் விரும்புவதில்லை. பதிவு செய்யக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், ஆனால் கேட்க வேண்டும். நான் வாய் திறக்காமல் பல வாரங்கள் உட்கார்ந்திருந்த பிறகு, ஒரு நாள் எதிரே குழல் வாசித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "உன்னிடம் ஒரு மெட்டு இருக்கிறதா?" என்று கேட்டார். 'கெஷ் ஜிக்' தொடங்கினேன், மெதுவாக. ஃபிடில், குழல், அக்கார்டியன் எல்லாம் என் வேகத்துக்கே இறங்கி வந்து சேர்ந்தன. யாரும் முந்தவில்லை. அந்த மரியாதையை நான் எந்த மேடையிலும் பெற்றதில்லை.

கர்நாடக சங்கீதக் காது உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: 'மாரிசன்ஸ் ஜிக்' போன்றவற்றில் ஈ-யை ஸட்ஜமாக வைத்தால் கரகரப்ரியாவின் சுரங்கள் கிடைக்கும். 'பேனிஷ் மிஸ்ஃபார்ச்சூன்' டி-யில் ஹரிகாம்போதி பக்கம் சாயும், இடையில் நிஷாதம் ஏறி இறங்கும். பிடித்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான். ராகமாக நினைத்து இழுக்க ஆரம்பித்தால் ஆட்டம் நின்றுவிடும்.

கிளேரிலிருந்து

அண்ணா எழுதியதைப் படித்தபோது ஒன்று சொல்லத் தோன்றியது. எனக்கு மாண்டலின்தான் முதல் வாத்தியம். ஸரிகம கூட முறையாகக் கற்றதில்லை. கிளேர் மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. மாலையில் பெரியவர்களுக்கான இசை வகுப்பு. என்னைப் போலத் தொடங்குபவர்களுக்கு ஜிக், ரீல் வேண்டாம், போல்காவில் ஆரம்பியுங்கள் என்பேன். கார்க்கும் கெர்ரியும் சேரும் ஸ்லீவ் லூக்ரா பகுதியின் சொத்து அது. இரண்டு எண்ணிக்கை, குறைவான சுரங்கள், சின்ன வாக்கியங்கள். 'பிரிட்சஸ் ஃபுல் ஆஃப் ஸ்டிட்சஸ்' என்ற போல்கா ஒரு வாரத்தில் விரலுக்கு வந்துவிடும்.

ஆனால் விரலுக்கு வருவதும் போல்காவாக ஒலிப்பதும் ஒன்றில்லை. எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு பாட்டி, இளவயதில் சமையலறைகளில் நடந்த செட் நடனங்களில் ஆடியவர். ஓய்வு நேரத்தில் நான் வாசித்தபோது, நாற்காலியின் கைப்பிடியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். நான் எண்ணிக்கையில் தட்டுவேன். அவர் விரலோ எண்ணிக்கைக்கு இடையில், எதிரடியில் விழுந்தது. "ஆடுகிறவர்களைத் தூக்கிவிடுவது அங்கேதான்" என்றார். அந்த வாரமே நான் செட் நடன வகுப்பில் சேர்ந்தேன். காலில் ஏறிய பிறகு கையில் தானாக வந்தது. வாத்தியம் கற்பவர்கள் எல்லோரும் கொஞ்சமாவது ஆடிப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

ஜூலையில் எங்கள் கிளேர் மாவட்டத்து மில்டவுன் மால்பேயில் வில்லி கிளான்சி கோடைப் பள்ளி நடக்கும். இலியன் பைப் கலைஞர் வில்லி கிளான்சி 1973-இல் மறைந்தார். அந்த ஆண்டிலிருந்தே அவர் பெயரில் நடந்துவருகிறது. காலையில் வாத்தியம் வாத்தியமாக வகுப்பு, மாலையில் ஊர் முழுக்க, பப்பிலும் தெருவிலும், செஷன். வகுப்பில் காகிதம் கிடையாது. ஆசிரியர் சின்ன வாக்கியமாக வாசிப்பார், எல்லோரும் திருப்பி வாசிப்போம், அடுத்த வாக்கியம், பிறகு இரண்டையும் கோர்த்து. முழு மெட்டும் முடிந்ததும் போனில் பதிவு செய்துகொள்ளச் சொல்வார். பக்கத்தில் ஒரு பத்து வயதுப் பையன் என்னைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பிடித்துக்கொண்டான். நான் தேங்கிய இடத்தில் தன் வாசிப்பை நிறுத்திவிட்டு எனக்கு மெதுவாகக் காட்டினான்.

மெதுவான மெட்டு விரும்புகிறவர்களுக்கு டர்லோ ஓ'கேரலனின் 'ஷீ பேக் ஷீ மோர்'. பெரியம்மையில் பார்வை இழந்து, குதிரையில் ஊர் ஊராகப் போய் யாழ் வாசித்தவர் அவர் (1670–1738). இது அவர் போட்ட முதல் மெட்டு என்பார்கள். ஒவ்வொரு சுரத்தையும் நின்று கேட்க நேரம் இருக்கும்.

சென்னையிலிருந்து

நான் வயலின் ஆசிரியை. மாண்டலினைப் பின்னாளில் எடுத்தேன். இங்கே செஷன் கிடையாது. வேகத்தைக் குறைத்துக் கேட்கும் செயலிதான் என் துணை. அதனால் கார்க் நண்பரும் கிளேர் தங்கையும் சொல்வதைப் பொறாமையோடு படிக்கிறேன்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல நுழைவாயில் ஏற்கெனவே இருக்கிறது. முத்துஸ்வாமி தீட்சிதர் இளவயதில் சென்னையை ஒட்டிய மணலியில் இருந்தபோது, ஆங்கிலேயரின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டு ஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் தம்பி பாலுஸ்வாமி வயலின் கற்றதும் அந்தச் சூழலில்தான். அந்த மெட்டுகளில் பல ஆங்கிலேய, ஸ்காட்டிஷ், ஐரிஷ் நடன மெட்டுகள். 'வந்தே மீனாக்ஷி' என்று நாம் பாடுவது 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'. மாலோ, கார்க் மாவட்டத்து ஊர்.

என் மாணவர்களிடம் இதைத்தான் முதலில் கொடுக்கிறேன். பாட்டு ஏற்கெனவே வாயில் இருக்கிறது. அந்தப் பெரியவர் கேட்ட லில்டிங் வேலை பாதி முடிந்தது. கமகம் இல்லாத நேர் சுரங்கள், அதனால் ஃபிரெட்டில் அப்படியே விழும். செய்ய வேண்டியதெல்லாம் ஐரிஷ் கலைஞர்கள் வாசித்த பதிவை நிறையக் கேட்பது. நாம் பஜனை வேகத்தில் பாடுவதை அவர்கள் காலுக்கு வாசிக்கிறார்கள், வாக்கியங்களின் முடிவில் மூச்சு விடும் இடமே வேறாக இருக்கிறது. போன மாதம் ஒரு மாணவி அந்த வித்தியாசத்தைத் தானே கேட்டுப் பிடித்து, சாகித்தியத்தை நிறுத்திவிட்டு மெட்டை மட்டும் துள்ளலாக வாசித்தாள்.

கார்க் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த செஷனில் உங்களை ஒரு மெட்டுத் தொடங்கச் சொன்னால் 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'வைத் தொடங்குங்கள். அதன் பின்னால் அவர்கள் எந்த மெட்டைத் தொடுத்து வாசிக்கிறார்கள் என்று இங்கே எழுதுங்கள். அதையும் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.